சிறுவாட்டுக்கு வட்டி

"ரெண்டரை பர்சென்ட்டுக்கு இவ்வளவு பணத்தை யாராவது தூங்க விடுவாங்களாக்கா?" என் பாஸ்புக்கைப் புரட்டியபடி தம்பி கேட்டான். கணக்கில் அன்று 1,60,000 ரூபாய் இருந்தது. கைப்பேசியில் தட்டிப் பார்த்தான். சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு 4,000. நிரந்தர வைப்பில், ஆறரை சதவீதம் என்று வைத்தாலும், 10,400. "வருஷத்துக்கு 6,400 ரூபாய் தண்டம்."

அவன் சொன்னதில் தப்பில்லை. 2011 அக்டோபர் வரை சேமிப்புக் கணக்கின் வட்டியை ரிசர்வ் வங்கியே நிர்ணயித்தது. கடைசியாக அது 4 சதவீதம். பிறகு அது அந்தந்த வங்கியின் விருப்பம் என்றானது. சில தனியார் வங்கிகள் கூட்டின. பெரிய வங்கிகள் 4இலேயே நின்றுவிட்டு 2017இலிருந்து இறங்கத் தொடங்கின. 2025 ஜூனில் ஸ்டேட் வங்கி இரண்டரைக்கு வந்துவிட்டது. விலைவாசி ஏறுகிற வேகத்துக்கு இந்தப் பணம் தேய்கிறது என்பது எனக்கும் தெரியும்.

நாளொன்றுக்குப் பதினேழரை ரூபாய் நட்டம். அதை நான் வேறு பத்தியில் எழுதிக்கொள்கிறேன்.

2014இல் எங்கள் வைப்புத்தொகைக்கு எட்டே முக்கால் சதவீத வட்டி. பெரும்பகுதி என் சம்பளம். ஆனால் இருவர் பெயரிலும் இருந்தது. இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் கலைக்க முடியும். ரசீதுகள் பீரோவில், பீரோ சாவி அவரிடம். ஆறு வயது மகளோடு வீட்டைவிட்டு வெளியேறிய இரவில் அந்த எட்டே முக்கால் எனக்கு எதற்கும் உதவவில்லை. என் பெயரில் மட்டும் இருந்த சேமிப்புக் கணக்கிலிருந்து ஏ.டி.எம்.மில் 10,000 எடுத்தேன். மறுநாள் வங்கியில் 30,000. வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் அதுதான். குறைந்த வட்டி என்று அதையும் அவர் சொன்னபடி வைப்பில் போட்டிருந்தால் திரும்பிப் போயிருப்பேன்.

ஐங்குறுநூற்றில் 'வட்டி' என்றால் கூடை. பாண்மகள் கெளிற்று மீனைக் கொட்டிய வட்டியை மனையோள் பயறால் நிரப்பித் தருகிறாள். இரண்டு பெண்களுக்கு இடையே நடக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கலில் ஆண் கையெழுத்து இல்லை என்று வகுப்பில் சொல்வேன். (திணை, துறையை விட்டுவிட்டு இதைப் பேசுகிறேன் என்று சக பேராசிரியர் ஒருவருக்கு வருத்தம்.)

அம்மாவின் கூடை அரிசிப் பானை. 2016 நவம்பர் 8க்கு மறுநாள் அதிலிருந்து 27 ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் வெளியே வந்தன. முப்பது வருடச் சிறுவாட்டில் செலவுபோக மிஞ்சியது. அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்கிட்டயே மறைச்சிருக்கா" என்றார். அம்மாவுக்கென்று ஒரு கணக்குத் தொடங்கி அதில் போட்டோம். படிவத்தில் கைப்பேசி எண்ணாக அப்பாவின் எண்ணைக் கொடுத்தது நான்தான். அம்மாவிடம் அப்போது போன் இல்லை. எனக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

மூன்று மாதத்துக்கொரு முறை வட்டி வந்த செய்தி அப்பாவின் போனுக்குப் போனது. "ஒனக்கு நூத்திச் சொச்சம் வந்திருக்கு" என்று படித்துக் காட்டுவார். அம்மா 500 எடுத்தால், எதற்கு என்று கேட்பார். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான். அம்மா அந்தக் கணக்கில் பணம் போடுவதை நிறுத்திவிட்டாள். சிறுவாடு இப்போது எங்கே சேர்கிறது என்று நான் கேட்கவில்லை.

தம்பிக்குப் பாதி வெற்றி. 1,00,000 ரூபாயை வைப்பில் போட்டேன், என் தனிப் பெயரில். 60,000 இருந்த இடத்திலேயே இருக்கிறது.

போன மாதம் அம்மாவுக்கு ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடுத்து, எண்ணை மாற்ற வங்கிக்கு அழைத்துப் போனேன். வரிசையில் நிற்கும்போது வட்டி எவ்வளவு என்று கேட்டாள். இரண்டரை என்றேன்.

"பானை அதுகூடக் குடுக்கலையே" என்றவள், சற்றுப் பொறுத்து, "மெசேஜ் இனி எனக்குத்தானே வரும்?" என்றாள்.