அமேசான் கரையில் – 6: பெலென் சந்தைக்குப் போகுமுன் படிக்க வேண்டியவை

பெலென் சந்தையில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடந்தேன். மீன் கழிவு காலடியில் வழுக்கியது. கூரைகளின்மேல் பிணந்தின்னிக் கழுகுகள் காத்திருந்தன. சந்தை இருக்கும் இக்கிட்டோஸ் நகரத்துக்கு, நாவுட்டா ஊர்ச் சாலையைத் தவிர்த்தால், பெரு நாட்டின் மற்ற பகுதிகளிலிருந்து வர ஆறு, ஆகாயம் என்று இரண்டே வழிதான். இவ்வளவு பெரிய ஊர், சந்தையைக் கழுவ ஆளில்லையா?

பாக்கிட்டோ சந்துக்குள் திரும்பியதும் வாசனை மாறியது. பட்டைகள், சாராயத்தில் ஊறும் வேர்கள், மாப்பாச்சோ புகையிலைச் சுருட்டு. ஒரு கடையில், காட்சிகள் தோன்றவைக்கும் பானம் காய்ச்சுகிற ஆயாவாஸ்கா கொடி துண்டுதுண்டாகக் கிடந்தது. விலை கேட்டேன். கடைக்கார மூதாட்டி விலை சொல்லவில்லை. கூட வந்த படகுக்காரப் பையன் வழியாக என்னை விசாரிக்க ஆரம்பித்தார்.

"யாரிடம் குடிக்கப் போகிறாய், மகனே? மனக் கவலைக்கு மாத்திரை சாப்பிடுகிறாயா? ரத்தக் கொதிப்பு உண்டா?"

இல்லை என்றேன். அப்போதும் அவர் முகம் தெளியவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார், குடிக்கக் காமு காமு பழச்சாறு தந்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். கொடியோடு சக்ருனா இலையையும் போட்டு மணிக்கணக்கில் காய்ச்ச வேண்டும் என்று கையாலேயே அடுப்பு மூட்டிக் காட்டினார். இலையில் இருக்கும், காட்சி தரும் டிஎம்டி என்ற பொருளை நம் வயிற்று நொதி அழித்துவிடும்; கொடியிலுள்ள ஹார்மின் அந்த நொதியைத் தடுக்கிறது. மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அதனாலேயே உயிராபத்து வரலாம். மூதாட்டி கேட்டது வெறும் சம்பிரதாயமல்ல.

இந்தக் காட்டுக்கு வருகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது ஸ்டீபன் பேயர் 2009-இல் எழுதிய 'சிங்கிங் டு தி பிளாண்ட்ஸ்'. வைத்தியர் பாடும் இக்காரோ பாட்டு, புகை ஊதல், சூனியப் பயம் எல்லாம் அதில் இருக்கின்றன. அதைவிட என்னை உலுக்கியது மார்லின் டாப்கின் டி ரியோஸின் 'விஷனரி வைன்', 1972-இல் வந்தது. இதே பெலெனில் இருந்து எழுதியிருக்கிறார். கணவன் கைவிட்டவள், வேலை கிடைக்காதவன், தீராத வலிக்காரர் என்று ஏழைகள் வைத்தியரைத் தேடிப் போன கதை. காட்சி காண்பதற்காக யாரும் போகவில்லை. அமெரிக்க எழுத்தாளர்கள் பரோஸும் கின்ஸ்பெர்க்கும் எழுதி 1963-இல் வெளியான 'யாஹே லெட்டர்ஸ்' (யாஹே என்பதும் ஆயாவாஸ்காதான்) புத்தகத்தைத்தான் பயணிகள் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். அதில் எழுதியவர்களின் தவிப்பு தெரிகிறது, ஊர் தெரியவில்லை.

ஆற்றங்கரையில் போர்ச்சுக்கல் ஓடு பதித்த மாளிகைகள் நிற்கின்றன, எல்லாம் ரப்பர் காசு. புட்டுமாயோ ஆற்றுப் பக்கம் பழங்குடிகளை அடித்துக் கொன்று ரப்பர் பால் எடுத்ததை 1910-இல் பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ரோஜர் கேஸ்மென்ட் நேரில் வந்து விசாரித்தார். மானிடவியலாளர் மைக்கேல் டாசிக் அந்தக் கொடுமையையும் வைத்தியத்தையும் சேர்த்தே 1987-இல் எழுதினார். கடினமான நடைதான். ஆனால் அதைப் படிக்காமல் அந்த மாளிகைகளைப் படம் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாலையில் விடுதி வாசலில் ஒரு தரகர், ஆயாவாஸ்கா குடிக்கும் காட்டு முகாமுக்கு முன்பணம் கேட்டார். நான் கேட்ட விலைகளிலேயே அதுதான் அதிகம். வருகிறவர்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று விசாரிப்பீர்களா என்றேன்.

"அதெல்லாம் தேவையில்லை, ஐயா" என்று சொல்லி விலையைப் பாதியாக்கினார்.

கொடுக்க மறுத்து, நாவுட்டா போகும் வண்டிக்கு இடம் பதிந்தேன்.