6,400 போடிமெட்டு

பதினோராம் வகுப்பு இயற்பியலில் விடுபடு வேகத்தை ஒரே பீரியடில் முடித்துவிடலாம். இயக்க ஆற்றலையும் ஈர்ப்பு நிலை ஆற்றலையும் கூட்டிச் சுழி என்று எழுத வேண்டும். இரண்டிலும் இருக்கும் பொருளின் நிறையை அடிக்க வேண்டும். வர்க்கமூலம் எடுக்க வேண்டும். விநாடிக்கு 11.2 கிலோமீட்டர் வந்துவிடும். பிள்ளைகள் இதைப் பிழையில்லாமல் எழுதுவார்கள். ஈர்ப்பியல் பாடத்திலேயே சுலபமானது இதுதான் என்பார்கள்.

ராசிங்காபுரத்தில் இந்தப் பாடத்தை நடத்துகிற எனக்குக் கவலை தருவதும் இந்தச் சுலபம்தான். முழு மார்க் வாங்கும்படி எழுதிய பிள்ளையை எழுப்பிக் கேட்டுப் பாருங்கள்.

"ராக்கெட் தரையை விட்டுக் கிளம்புறப்பவே 11.2 வேகம் வேணுமாப்பா?"

"ஆமா சார்."

"கொஞ்சம் குறைஞ்சா?"

"திரும்பி விழுந்துரும் சார்."

"எவ்வளவு உசரம் போனா புவியீர்ப்பு தீரும்?"

"காத்து தீர்ற எடத்துல சார்."

முதல் பதிலும் மூன்றாம் பதிலும் தவறு. நடுவில் சொன்னது எறிந்த கல்லுக்குச் சரி, எரிந்துகொண்டே போகும் ராக்கெட்டுக்குத் தவறு. ஆனால் நோட்டில் இருக்கும் கணக்கில் ஒரு குறையும் இல்லை. அதனால் நான் சூத்திரத்தை இரண்டாம் நாளுக்குத் தள்ளிவைத்துவிட்டு, முதல் நாள் மலையைப் பற்றிப் பேசுகிறேன்.

எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ ஏலத்தோட்ட வேலைக்கு மேலே போய்வருகிறவர்கள். இருட்டோடு ஜீப் ஏறி, முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி, போடிமெட்டில் கேரளத்துக்குள் நுழைகிற பாதை இவர்களுக்கும் மனப்பாடம். செங்குத்தாக அளந்தால் அந்த ஏற்றம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். பாதை எப்படி வளைந்தாலும் ஈர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலைக்கு இந்த ஒரு கிலோமீட்டர்தான் கணக்கு. ஒரு கிலோ எடையைக் கீழிருந்து மேட்டுக்குக் கொண்டுபோக 9,800 ஜூல்.

சரி, மலை அங்கே முடியாமல் மேலே போய்க்கொண்டே இருந்தால்? ஏற ஏற எடை குறையும், ஆனால் மெதுவாகத்தான் குறையும். சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றும் 400 கிலோமீட்டர் உயரத்திலும் தரையில் இருக்கும் ஈர்ப்பில் 88 சதவீதத்துக்கு மேல் மிச்சம் இருக்கிறது. அங்கே ஆட்கள் மிதப்பது ஈர்ப்பு இல்லாததால் அல்ல. நிலையமும் அவர்களும் சேர்ந்து பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருப்பதால். பூமியின் ஆரம் அளவுக்கு, அதாவது 6,400 கிலோமீட்டர் ஏறினால் எடை கால்பங்காகும். எங்கேயும் அது சுழியாவதில்லை.

இங்கேதான் பிள்ளைகள் மலைப்பார்கள். ஈர்ப்பு எங்கேயும் தீராது என்றால் ஏற்றமும் தீராது. பிறகு எப்படி விடுபடுவது? தொகையீடு அப்போது அவர்களுக்குப் பழக்கமாகியிருக்காது. நான் பின்னங்களை எழுதுகிறேன். முழு விடுதலைக்கு ஆகும் மொத்த வேலையை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து முதல் 6,400 கிலோமீட்டர் ஏற அதில் பாதி போய்விடும். அடுத்த 6,400க்கு ஆறில் ஒன்று. அதற்கடுத்ததற்குப் பன்னிரண்டில் ஒன்று, பிறகு இருபதில் ஒன்று. கூட்டிக்கொண்டே வாருங்கள் என்பேன். பாதி, மூன்றில் இரண்டு, நான்கில் மூன்று, ஐந்தில் நான்கு. மூன்றாவது கூட்டலிலேயே பின்பெஞ்சிலிருந்து யாராவது, "சார், இது ஒண்ணைத் தாண்டவே தாண்டாது" என்று கத்திவிடுவார்கள். பாதைக்கு முடிவில்லை, செலவுக்கு முடிவு உண்டு. இந்தப் பாடத்தில் நான் மிகவும் நேசிக்கும் இடம் இது. பிள்ளைகள் இதைத் தங்கள் கையால் கூட்டிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

அந்த மொத்தச் செலவு எவ்வளவு? எடை சிறிதும் குறையாமல் பூமியின் ஆரம் அளவுக்கு ஏறினால் என்ன வேலை ஆகுமோ, சரியாக அதே அளவு. அதாவது 6,400 போடிமெட்டு. ஒரு கிலோவுக்கு ஆறேகால் கோடி ஜூல். கரண்ட் பில் கணக்கில் சொன்னால் பதினேழரை யூனிட்டுக்குச் சற்றே குறைவு. இதைச் சொன்னதும் வகுப்பு நம்பாது. தோட்டத்து மோட்டாருக்கு எத்தனை யூனிட் ஓடுகிறது என்று தெரிந்த பிள்ளைகள் இவர்கள்.

"அம்புட்டுத்தானா சார்? அப்பறம் ஏன் அம்புட்டுப் பெரிய ராக்கெட்டு?"

கேட்க வேண்டிய கேள்வி. மலை ஏறும் ஜீப்புக்குத் தள்ளுவதற்குத் தரை இருக்கிறது. ராக்கெட்டுக்குத் தான் கொண்டுபோகும் எரிபொருளைப் பின்னால் வீசித்தான் முன்னால் போக முடியும். நாளைக்கு எரிக்க வேண்டியதையும் இன்றைக்கே தூக்க வேண்டும். ரஷ்யப் பள்ளி ஆசிரியர் சியோல்கோவ்ஸ்கி 1903இல் வெளியிட்ட கணக்கு இது. வெளியேறும் வாயு விநாடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்றால், கடைசியில் 11.2 வேகத்தோடு மிஞ்சும் ஒவ்வொரு கிலோவுக்கும் தொடக்கத்தில் ஏறத்தாழ 42 கிலோ வேண்டும். மகேந்திரகிரியில் சோதிக்கிறார்களே, அந்தக் கிரையோஜெனிக் எஞ்சினைப் போல வாயு வேகம் 4.4 ஆனால், 13 கிலோ போதும். காற்றுத் தடையையும் மற்ற இழப்புகளையும் சேர்க்காத கணக்குதான் இதுவும். சியோல்கோவ்ஸ்கி பள்ளி ஆசிரியர் என்பதை நான் அழுத்தியே சொல்வேன்.

எரிபொருள் மட்டும் தீராது என்றால் சைக்கிள் வேகத்தில்கூடப் பூமியை விட்டுப் போய்விடலாம். 11.2 என்பது எஞ்சின் அணைந்த பிறகு, இனி எந்த உதவியும் இல்லை என்ற நிலையில், தரை மட்டத்தில் இருக்க வேண்டிய வேகம். உயரே போனால் பாக்கி குறையும், தேவைப்படும் வேகமும் குறையும். போடிமெட்டில் நின்றால் எவ்வளவு குறையும் என்று பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்வேன். விநாடிக்கு ஒரு மீட்டர்கூட இல்லை. நடக்கிற வேகத்தைவிடக் கம்மி. ஆனால் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், டிவி செயற்கைக்கோள்கள் சுற்றும் இடத்தில், விடுபடு வேகம் 4.35 கிலோமீட்டர்தான். அந்த எண் பொருளைச் சேர்ந்ததல்ல, நிற்கிற இடத்தைச் சேர்ந்தது. ஏலக்காய் மூட்டைக்கும் யானைக்கும் ஒன்றுதான். எந்தத் திசையில் எறிந்தாலும் ஒன்றுதான், நேரே மேலே எறிய வேண்டும் என்பதில்லை. தரையிலோ மலையிலோ மோதாமல் இருந்தால் போதும்.

இரண்டாம் நாள் சூத்திரம். அதோடு ஒரு அட்டவணையும் போடுவோம். விடுபடு வேகத்தில் பாதி வேகத்தோடு நேரே எறிந்தால் கல் எவ்வளவு உயரம் போகும்? காற்றை மறந்துவிட்டால் 2,100 கிலோமீட்டர். தொண்ணூறு சதவீதம் என்றால் 27,000. தொண்ணூற்றொன்பது என்றால் 3 லட்சத்து 14 ஆயிரம். இன்னும் ஒரு சதவீதத்துக்குள் மீதி அண்டம் முழுவதும் அடங்கிவிடுகிறது. இந்த அட்டவணை இல்லாமல் சந்திரயானைப் பற்றி நான் பேசுவதே இல்லை.

ஏனென்றால் சந்திரயான்-3 விடுபடு வேகத்தைத் தொடவில்லை. விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த அந்தக் கலம் 2023 ஜூலை 14 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. ஆகஸ்ட் பிறந்ததும் நிலவை நோக்கித் தள்ளியபோது அது போன பாதை, அருகில் 288 கிலோமீட்டரும் தொலைவில் 3,69,328 கிலோமீட்டரும் கொண்ட நீள்வட்டம். அந்த எண்களைப் பாடத்துச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். அருகே வரும்போது வேகம் 10.84, அந்த உயரத்தில் விடுபட வேண்டியது 10.94. பத்தில் ஒரு கிலோமீட்டர் குறைவு. நிலவு அங்கே இல்லாதிருந்தால் கலம் திரும்பி நம்மிடமே வந்திருக்கும். செய்தித்தாளில் வந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு தாங்களே இதைக் கண்டுபிடித்ததில் பிள்ளைகளுக்கு வரும் தைரியத்தை வேறு எந்தக் கணக்கும் தருவதில்லை.

உண்மையாகவே பூமியை விட்ட முதல் இந்தியக் கலம் மங்கள்யான். திருநெல்வேலி மாவட்டத்தில் பிறந்த சுப்பையா அருணன் அதன் திட்ட இயக்குநர். 2013 நவம்பர் 5 அன்று பிஎஸ்எல்வி அதை ஏற்றிக்கொண்டு போனது. செவ்வாய்க்கு நேராக எறியும் வலு அந்த ராக்கெட்டுக்குக் கிடையாது; 1,337 கிலோ கலத்தைப் பூமியைச் சுற்றும் ஒரு நீள்வட்டத்தில் விட்டுவிட்டது. மீதியைக் கலத்தின் சொந்த எஞ்சின் செய்ய வேண்டும். அதன் உந்துவிசை 440 நியூட்டன், அதாவது தரையில் 45 கிலோவைத் தாங்கிப் பிடிக்கும் அளவு. எங்கள் வகுப்புப் பிள்ளை ஒன்றின் எடை. கலத்தின் எடையில் ஒரு சின்னப் பகுதியை மட்டுமே தூக்க முடிகிற எஞ்சின் அதைப் பூமியிடமிருந்தே பிரித்துக்கொண்டு போனது.

எப்படி? ஒவ்வொரு சுற்றிலும் பூமிக்கு மிக அருகில், மிக வேகமாகப் பாயும் சில நிமிடங்களில் மட்டும் எஞ்சினை எரித்தார்கள். நவம்பர் 11 அன்று ஒரு எரிப்பு திட்டமிட்ட அளவுக்கு வேகம் தரவில்லை. மறுநாளே இன்னொரு எரிப்பில் ஈடுகட்டினார்கள். கடைசியில் நீள்வட்டத்தின் தொலைமுனை 1,92,000 கிலோமீட்டரைத் தாண்டியது. ஏன் அருகில் எரிக்க வேண்டும் என்பதற்கு வர்க்கங்கள் போதும். வேகம் ஒன்றிலிருந்து இரண்டானால் வர்க்கம் மூன்று கூடும். பத்திலிருந்து பதினொன்றானால் இருபத்தொன்று கூடும். எரிபொருள் அதேதான், கிடைக்கும் ஆற்றல் ஏழு மடங்கு. ஓபர்த் என்ற ஜெர்மானிய ராக்கெட் அறிஞரின் பெயரால் அழைக்கப்படும் விளைவு இது. நம் பாடநூலின் இயக்க ஆற்றல் சூத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது, யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது என் ஆதங்கம்.

டிசம்பர் 1 நள்ளிரவு தாண்டி, ஏறத்தாழ 22 நிமிடம் எஞ்சின் எரிந்தது. கூடிய வேகம் விநாடிக்கு 648 மீட்டர். அதில் 180 மீட்டர் அளவுக்குள் விடுபடு வேகத்தின் பாக்கி தீர்ந்துவிட்டது. மிச்சத்தைப் பாருங்கள்: அருகில் அரைக் கிலோமீட்டருக்கும் குறைவாகத் தெரிந்த உபரி, பூமியை விட்டு வெகுதூரம் போனபின் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வேகமாக நின்றது. இந்த வரியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு நான் எதுவும் பேசுவதில்லை. பிள்ளைகள் தாங்களே வர்க்கம் போட்டுப் பார்க்கட்டும்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் வேறு எங்கும் வராத ஒரு கேள்வி வரும். பக்கத்தில் பொட்டிப்புரம் அம்பரப்பர் மலைக்கு உள்ளே நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டத்துக்கு 2015இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. அது வேண்டும், வேண்டாம் என்று நடந்த போராட்டத்தை இந்த வட்டாரம் முழுக்கப் பார்த்திருக்கிறது. அதனால் பாடத்தில் வருவதற்கு முன்பே பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரியும். "நியூட்ரினோவைப் பூமி பிடிச்சு வச்சுக்காதா சார்?" ஏறத்தாழ ஒளியின் வேகம் அதற்கு, விநாடிக்குக் கிட்டத்தட்ட 3 லட்சம் கிலோமீட்டர். சூரியனின் மேற்பரப்பிலேயே விடுபட 617 போதும், பூமியின் 11.2 அதற்கு எந்த மூலைக்கு? வேகத்தைக் கேட்டவர்கள் எதிர்முனையையும் கேட்பார்கள்: மிக மெதுவானது எது விடுபடும்? நம் தலைக்கு மேலே, காற்றின் மேல்விளிம்பில் இருக்கும் ஹைட்ரஜன். நிறை கணக்கில் அடிபட்டுப் போனாலும் வெப்பத்தில் அடிபடாது. ஒரே வெப்பநிலையில் லேசான அணு வேகமாக ஓடும். அதில் அதிவேகமான சில அணுக்கள் தப்பிவிடும். பூமி மொத்தமாக விநாடிக்கு ஏறத்தாழ 3 கிலோ ஹைட்ரஜனை இழக்கிறது. நைட்ரஜனும் ஆக்சிஜனும் கனம் கூடியவை, தங்கிவிட்டன. நிலவின் 2.4 எதையும் பிடித்துவைக்கப் போதவில்லை.

கடைசியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். மங்கள்யான் பூமியை விட்டது, சூரியனை விட்டதா? விடவில்லை, செவ்வாய் பிடிக்கும்வரை சூரியனைத்தான் சுற்றியது. பூமி இருக்கும் தூரத்தில் சூரியனிடமிருந்து விடுபட 42.1 வேண்டும். பூமியே நம்மை 29.8 வேகத்தில் தூக்கிக்கொண்டு போகிறது. அந்தத் திசையிலேயே கிளம்பினால் பாக்கி 12.3. தரையிலிருந்து எவ்வளவு வேகம் வேண்டும்? வகுப்பே 12.3ஐயும் 11.2ஐயும் கூட்டி 23.5 என்னும். ஆற்றல்தான் கூடும், வேகம் கூடாது. வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுங்கள் என்பேன். 16.6 வரும். 2006 ஜனவரி 19 அன்று புளூட்டோவை நோக்கிக் கிளம்பிய நியூ ஹொரைசன்ஸ் 16க்கு மேல் வேகத்தோடு பூமியை விட்டது. 1977இல் கிளம்பிய வாயேஜர்-1க்குப் பூமியிலிருந்து அவ்வளவு கிடைக்கவில்லை. குறைந்ததை 1979 மார்ச்சில் வியாழனைக் கடக்கும்போது அதனிடமிருந்து வாங்கிக்கொண்டது. அந்த ஆற்றலுக்கு ஈடாக வியாழன் தன் சுற்றுப்பாதையில் கொஞ்சம் இழந்தது. அதன் நிறைக்கு முன்னால் எந்தக் கருவிக்கும் தெரியாத அளவு.