நாடகம் அல்ல, நோய்

எங்கள் குடியிருப்பில் ஒப்பந்தத் தூய்மைப் பணிக்குப் போகும் அக்கா ஒருவர், ஓர் இரவு வலது தோள் வலி தாங்காமல் அலறி எழுந்தார். சுளுக்கு என்று நாங்கள் தைலம் தேய்த்தோம். இரண்டு வாரத்தில் வலி தணிந்தது. ஆனால் கை மேலே எழவில்லை. தோள்பட்டை எலும்பு முதுகில் இறக்கை போலத் துருத்தி நின்றது.

"வண்டி தள்ளாம இருக்க நாடகம்" என்றார் மேஸ்திரி. மருத்துவமனையிலோ தொட்டுப் பார்க்கும் முன்பே, "குடிச்சிட்டு விழுந்தியா?" என்றார்கள். அக்கா குடிப்பவர் அல்ல. எக்ஸ்ரேயில் எலும்பு சரியாக இருந்தது. வலி மாத்திரையோடு அனுப்பிவிட்டார்கள்.

நாங்களும் தவறினோம். சமூகவியல் படித்தோம், படிவங்கள் நிரப்பினோம்; எப்படித் தூங்குகிறீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவதால், அக்கா சுவரில் சாய்ந்தே உறங்கிக்கொண்டிருந்தார்.

நான்கு மாத அலைச்சலுக்குப் பின் நரம்பியல் பிரிவில் பெயர் தெரிந்தது: பார்சனேஜ்-டர்னர் நோய். அந்த இரு மருத்துவர்களும் 1948இல் 136 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். உடலின் எதிர்ப்பாற்றலே தோள் நரம்புப் பின்னலைத் தாக்குவதாகக் கருதப்படுகிறது. தொற்று, அறுவைச் சிகிச்சை, பிரசவம், கடும் உழைப்பு ஆகியவற்றுக்குப் பின் வரலாம். சிலருக்கு உதரவிதானத்தை இயக்கும் நரம்பும் செயலிழக்கும். படுத்தால் மூச்சு திணறுவது அதனால்தான்.

லட்சத்தில் ஓரிருவருக்கே வரும் என்று நம்பப்பட்டது. 2015இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு, ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவருக்கு வருவதாகக் கண்டது. தேடிப் பார்த்தால்தான் நோய் தெரியும். யாருடைய உடலைத் தேடிப் பார்க்கிறார்கள் என்பதில்தான் சாதி இருக்கிறது.

இது குணமாக மாதங்கள், சில வேளை ஆண்டுகள் ஆகும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அத்தனை நாள் விடுப்பு ஏது? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் நாள்பட்ட நரம்பியல் பாதிப்பும் உண்டு. தற்காலிகச் சான்றிதழும் கேட்கலாம். ஆனால் பெயரில்லாத நோய்க்குச் சான்றிதழ் கிடைக்காது.

ஆகவே உடன் செல்லுங்கள். வலி தொடங்கிய தேதி, தூக்கி முடியாமல் போன பொருள், மூச்சு, தூக்கம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

அக்காவின் கை இப்போது தோள் உயரம் வரை எழுகிறது. தலை வாரிவிடுவது இன்னும் மகள்தான். வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அதற்கான மனுவோடு நாளை மீண்டும் போகிறோம்.