உப்பு சரியும்... மக்ரூன் நிற்கும்! தூத்துக்குடியில் ஒரு நோட்டும் பென்சிலும்

தூத்துக்குடிக்கு முத்துநகர் என்று பெயர். ஆனால் இன்றைக்கு அந்த ஊரில் போய் இறங்குகிறவர்கள் கண்ணில் முத்து படாது. ஊர் எல்லையிலேயே உப்புதான் வரவேற்கும். ஊருக்குள் போனால் கண்ணாடி ஜாடிகளில் மக்ரூன். இரண்டும் வெள்ளை, இரண்டும் கூம்பு. ஒன்று வெயிலில் விளைகிறது, இன்னொன்று அடுப்பில் வேகிறது. வீட்டில் ஒருவருக்குப் படம் வரையும் பழக்கமும் இன்னொருவருக்கு பேக்கிங் பழக்கமும் இருந்தால், இரண்டு பேரையும் ஒரே டிக்கெட்டில் திருப்திப்படுத்துகிற ஊர் இது.

எங்கள் வீட்டில் வரைவது மகள், பேக்கிங் நான். மகள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை முடித்திருந்த ஏப்ரல் மாதம். மதுரையிலிருந்து மூன்று மணி நேர பஸ் பயணம் என்பதால் இரண்டு நாள் துணிமணியோடு கிளம்பினோம்.

பஸ்ஸில் ஏறும்போதே அவள் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டாள். "அம்மா, இதுதான் கடைசி டிராயிங் நோட்டு. ஜூன்ல பிளஸ் ஒன் ஆரம்பிச்சதும் எல்லாத்தையும் பரண்ல போட்டுடப் போறேன்."

அவளாக எடுத்த முடிவு இல்லை அது. கல்யாண வீட்டிலும் காதுகுத்திலும் கேட்டுக் கேட்டு வந்தது. 'படம் வரைஞ்சா மார்க் வருமா? ரெண்டு வருஷம் மூட்டை கட்டி வை, காலேஜ் போயி வரைஞ்சுக்கலாம்.' எனக்கும் அதே மாதிரி ஒரு கேள்வி உண்டு. 'கேக் இவ்வளவு நல்லா வருதே, ஆர்டர் எடுக்கலாமே? சும்மா செஞ்சு சும்மாவா கொடுக்குறே?' அவளிடம் மார்க் கேட்கிறார்கள், என்னிடம் பணம் கேட்கிறார்கள். சும்மா பிடித்திருக்கிறது என்பதற்காக ஒன்றைச் செய்ய யாருக்கும் அனுமதி இல்லை போலிருக்கிறது!

வீட்டிலிருந்தே கேக் செய்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் எத்தனையோ பேர். அவர்கள் உழைப்பு பெரியது. ஆனால் கைக்கு வரும் எல்லாமே விற்பனைக்கு வந்தே தீர வேண்டுமா என்பதுதான் என் சந்தேகம்.

வெள்ளையை எப்படி வரைவது?

திருச்செந்தூர் சாலையில் முத்தையாபுரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளங்கள் விரிகின்றன. காலை ஆறரை மணிக்கே அங்கே வேலை மும்முரமாக நடக்கிறது. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம் எல்லோர் நடையிலும் தெரிகிறது.

உப்பு விளைவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது பிள்ளைகளுக்கு நல்ல பாடம். கடல் நீரையோ நிலத்தடி உவர்நீரையோ பாத்தி பாத்தியாக மாற்றிவிட்டு வெயிலில் சுண்ட வைக்கிறார்கள். நீர் குறையக் குறைய அடியில் உப்பு பூக்கிறது. நீளமான கம்பில் பொருத்திய மரப்பலகையால் அதை வாரி, வரப்புக்குக் கொண்டுவந்து, அம்பாரமாகக் குவிக்கிறார்கள். ஜனவரி, பிப்ரவரியில் ஆரம்பித்து மழை வரும்வரை சீஸன். இந்திய உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்துடையது. இந்த உப்பளத் தொழிலாளர்களின் வாழ்க்கையைத்தான் ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' நாவலாக எழுதினார்.

மகள் வரப்போரம் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். பத்து நிமிடம் பென்சில் அசையவில்லை. வெள்ளைத் தாளில் வெள்ளை உப்பை எப்படி வரைவது?

பிறகு கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தாள். டிராயிங் தெரிந்தவர்கள் சொல்லும் எளிய வித்தை இது. கண்ணைச் சுருக்கினால் சின்னச் சின்ன விவரங்கள் மறைந்து, வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சும். அம்பாரத்தின் ஒரு பக்கம் வெயில் பட்டுப் பளீரென்று இருந்தது. மறுபக்கம் சாம்பலும் நீலமும் கலந்த நிழல். அவள் உப்பை வரையவில்லை, நிழலை வரைந்தாள். பின்னால் இருந்த வானத்துக்கு லேசாகப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தாள். தொடாமல் விட்ட தாளே உப்பாக மாறி நின்றது.

தலையில் சும்மாடு வைத்த ஓர் அக்கா, கூடையை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தார். அறுபது வயதிருக்கலாம்.

"ஏ பிள்ள, நல்லாத்தான் வரைஞ்சிருக்க. ஆனா உப்பு இவ்ளோ குத்தா நிக்காது. சரிஞ்சிரும்."

மகள் அம்பாரத்தைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். உண்மைதான். அவள் வரைந்தது கோபுரம் மாதிரி செங்குத்தாக இருந்தது. எதிரே இருந்த அம்பாரம் பொறுமையாக அகலமாக அமர்ந்திருந்தது. மணலோ நெல்லோ உப்போ, கொட்டினால் ஓர் அளவுக்கு மேல் செங்குத்தாக நிற்காது, மணிகள் உருண்டு சரிந்துவிடும். நாள் முழுக்கக் கூடை கூடையாகக் கொட்டுகிறவருக்கு அந்தச் சரிவு மனப்பாடம்.

அடுத்த பக்கத்தில் சரியாக வரைந்து காட்டினாள். அந்த அக்கா சிரித்தார். "நாப்பது வருசமா வாருறேன், இத ஒருத்தரும் படமா வரைஞ்சு நான் பாக்கல. வெள்ளையப் பாத்துப் பாத்து எங்க கண்ணுதான் மங்கிப்போச்சு" என்றார். உப்பின் கூச்சம் கண்ணைக் கெடுக்கும் என்பது அளத்தில் வேலை செய்யும் எல்லோரும் சொல்லும் வேதனை. மகள் அந்தத் தாளைக் கிழித்து அவர் கையில் கொடுத்தாள். நான்காக மடித்து இடுப்புச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு, அவர் மறுபடி கூடையைத் தூக்கினார். படம் வரைந்து மார்க் வாங்கவில்லைதான். ஆனால் அதைவிடப் பெரிய திருத்தம் ஒன்றை அன்று அவள் வாங்கிவிட்டாள்.

போர்ச்சுகல் விட்டுப்போன இனிப்பு

ஊருக்குள் திரும்பினால் பேக்கரிகள். மக்ரூன் செய்ய மூன்றே பொருள்தான்: முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. ஐரோப்பாவில் மக்ரூனுக்குப் பாதாம் சேர்ப்பார்கள். இங்கே பாதாமின் இடத்தில் முந்திரி வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த முந்திரியும் நம் ஊர்ச் செடி அல்ல, பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர்கள் கொண்டுவந்தது. அவர்கள் 16-ம் நூற்றாண்டில் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்தார்கள். 1658-ல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். பிறகு ஆங்கிலேயர்கள். வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். ஜாடியில் மக்ரூன் மட்டும் தங்கிவிட்டது!

நாங்கள் போன சிறிய பேக்கரியின் மாஸ்டர், கேட்டதும் உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். நுரைத்துப் பொங்கிய வெள்ளைக் கலவையைக் கூம்பாகச் சுருட்டிய தாளில் நிரப்பி, தட்டில் வரிசையாகப் பிழிந்தார். ஒவ்வொன்றையும் முடிக்கும்போது கையை மேலே லேசாக இழுக்க, உச்சியில் சின்னதாக ஒரு மூக்கு.

"தீ அதிகமாயிட்டா சிவந்துரும், உள்ள பசையா நிக்கும். சூடு கம்மியா இருக்கணும், நேரம் நிறைய இருக்கணும். இதுக்கு அவசரம் ஆகாதுக்கா" என்றார்.

மகள் ஒரு மக்ரூனை மேசையில் வைத்து வரைய ஆரம்பித்தாள். இரண்டு கோடு போட்டதும் தலை நிமிர்ந்தாள். "அம்மா, இது உப்பு மாதிரி சரியலையே! நேரா நிக்குது பாரு."

அதுதான் வெள்ளைக்கருவின் வேலை. அடிக்க அடிக்க அதிலுள்ள புரதம் வலைபோல விரிந்து காற்றைச் சிறைப்பிடிக்கிறது. சர்க்கரை அந்த வலையைக் கெட்டிப்படுத்துகிறது. மெதுவான சூட்டில் ஈரம் வற்ற, அப்படியே நின்றுவிடுகிறது. இத்தனை வருடம் பேக்கிங் செய்யும் நான் அந்த நிமிர்வைக் கவனித்துப் பார்த்ததில்லை. வரைகிறவள் பார்த்துவிட்டாள்.

தோணியும் தேவாலயமும்

மாலையில் பழைய துறைமுகப் பக்கம் போனோம். தூத்துக்குடித் தோணிகள் மரத்தால் கட்டப்படுபவை. மாலத்தீவு வரைக்கும் சரக்கு ஏற்றிச் செல்பவை. 1906-ல் வ.உ.சி. சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியது இந்தக் கரையில்தான் என்று சொன்னதும் மகள், "இதெல்லாம் வெறும் ரெண்டு மார்க் கேள்வியா படிச்சேன்மா" என்றாள். தோணியின் வளைவை வரைவது கஷ்டம். பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, நீளம் எத்தனை பங்கு, உயரம் எத்தனை பங்கு என்று அளந்து அளந்து வரைந்தாள்.

பனிமய மாதா பேராலயத்தின் வெள்ளை முகப்பு மறுநாள் காலைக்கு. 1982-ல் பசிலிக்கா அந்தஸ்து பெற்ற ஆலயம் இது. ஆகஸ்ட் 5-ம் தேதி நடக்கும் திருவிழாவுக்குச் சாதி மத பேதமில்லாமல் ஊரே கூடும். வெயில், உப்பு, மக்ரூன், தேவாலயம் என்று வெள்ளையாகவே நோட்டில் பதினொரு பக்கம் நிறைந்திருந்தது.

வீட்டிலேயே மக்ரூன்

தேவையானவை: 3 முட்டையின் வெள்ளைக்கரு, பொடித்த சர்க்கரை 150 கிராம், முந்திரி 150 கிராம்.

* முந்திரியை ஈரமில்லாமல் காயவைத்து, மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி ரவை பதத்தில் பொடியுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டுவிடும்.
* பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ, வெள்ளைக்கருவில் துளி மஞ்சள் கருவோ இருந்தால் நுரை எழும்பாது. முட்டை அறை வெப்பத்தில் இருக்கட்டும்.
* வெள்ளைக்கரு நுரைத்த பிறகு சர்க்கரையை ஒவ்வொரு ஸ்பூனாகச் சேர்த்து அடியுங்கள். பீட்டரைத் தூக்கினால் உச்சி சாயாமல் நிற்க வேண்டும்.
* முந்திரிப் பொடியைக் கரண்டியால் மெதுவாக மடித்துக் கலந்து, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் கூம்பாகப் பிழியுங்கள்.
* 120 டிகிரி செல்சியஸில் 50 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை. பிறகு அடுப்பை அணைத்து, உள்ளேயே ஆறவிடுங்கள்.
* ஆறியதும் காற்றுப்புகாத டப்பாவில் போடுங்கள். ஈரக்காற்று பட்டால் பிசுபிசுத்துவிடும். மிச்சமான மஞ்சள் கருவை ஆம்லெட்டிலோ கஸ்டர்டிலோ சேர்த்துவிடலாம்.

போகிறவர்கள் கவனத்துக்கு

உப்பளம் பார்க்க மார்ச், ஏப்ரல் மாதங்கள் நல்லவை. விடியற்காலை போய் ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுங்கள். அளங்கள் பலவும் தனியாருடையவை, கேட்டுவிட்டு உள்ளே போவதுதான் மரியாதை. வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் போட்டோ எடுக்க வேண்டாம். தொப்பி, கூலிங் கிளாஸ், தண்ணீர் அவசியம். வரைய 2பி, 4பி பென்சில்கள் இரண்டும் ஒரு ரப்பரும் போதும். மக்ரூன் நொறுங்கும், திரும்பும் பயணத்தில் பையின் மேலே வையுங்கள்.

ஞாயிறு நாலு மணி

ஊர் திரும்பியதும் வீட்டில் மக்ரூன் செய்தேன். ஓவனுக்குள் தட்டை வைத்து ஒரு மணி நேரம் டைமர் போட்டபோது மகள் கேட்டாள். "இந்த ஒரு மணி நேரம் நீ என்னம்மா பண்ணுவே?"

"சும்மாதான் இருப்பேன்."

"அப்ப நானும் சும்மா வரைஞ்சுட்டு இருக்கேன்" என்று நோட்டை எடுத்துவந்தாள்.

ஜூன் வந்தது. பிளஸ் ஒன் பயாலஜி குரூப். அவளே போட்ட டைம்டேபிள் சுவரில் ஒட்டியிருக்கிறது. டியூஷன், ரெக்கார்டு, டெஸ்ட் என்று கட்டம் கட்டமாக நெருக்கியடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நாலு முதல் ஐந்து வரையுள்ள கட்டத்தில் மட்டும் எதுவும் எழுதாமல், சின்னதாக ஒரு கூம்பு வரைந்திருக்கிறாள். பக்கத்தில் நிழல்.

எல்லா ஞாயிறும் நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். போன வாரம் டெஸ்ட், அதனால் இல்லை. ஆனால் நோட்டு இன்னும் பரணுக்குப் போகவில்லை. பத்து மக்ரூன் எதிர்வீட்டுக்குப் போனது. "ஆர்டர் எடுக்கிறீங்களா?" என்று அந்த அம்மா கேட்டார். "இல்லக்கா, ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வாங்க, சேர்ந்து செய்யலாம்" என்றேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.