டார்ட் நதிக்கரையில் ஒரு சிற்றூர்

இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் பிரதேசத்தில், டார்ட் நதி கடலை நோக்கி அகன்று செல்லத் தொடங்கும் இடத்தில், கரையிலிருந்து ஒரு செங்குத்தான கடைவீதி மேலேறிப் பழைய நார்மன் கோட்டைக்கு அருகே சென்று சேர்கிறது. அந்த வீதியும், அதன் இருமருங்கிலும் பிரியும் சந்துகளும், மழைக்கு நனையாமல் ஜனங்கள் நடப்பதற்காகத் தூண் நிறுத்தி மேலே மாடி கட்டிய அதன் நடைபாதைகளும் சேர்ந்ததே டாட்னஸ் என்னும் ஊர். மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பின்படி, 8,000-க்குச் சற்று மேல். லண்டனிலிருந்து ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரப் பிரயாணம். கடைவீதியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்து செல்லக் கால் மணி நேரம் தாராளமாகப் போதும். இந்தச் சாதாரண விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. எரிபொருளைக் குறைத்துக்கொண்டு சௌகரியமாக வாழ்வது எப்படி என்பதற்கு உதாரணமாக உலகெங்கும் இவ்வூரின் பெயர் சொல்லப்படுகிறது. அந்தக் கீர்த்தியில் பாதியாவது, மோட்டார் வண்டி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, ரொட்டியும் காய்கறியும் மருந்தும் நடை தூரத்தில் கிடைக்கும்படி ஊரை அமைத்துவிட்டுப் போன முன்னோர்களைச் சேரவேண்டியது என்பது என் அபிப்பிராயம்.

மற்றப் பாதி ராப் ஹாப்கின்ஸ் என்ற ஆசிரியரையும் அவரோடு சேர்ந்துகொண்ட ஊராரையும் சேரும். அயர்லாந்தின் கின்சேல் நகரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த அவர், பெட்ரோலியம் ஆண்டுக்காண்டு குறைந்து வரும் காலத்தில் தங்கள் ஊர் உணவுக்கும் போக்குவரத்துக்கும் வெப்பத்துக்கும் என்ன செய்யும் என்று தம் மாணவர்களைக் கொண்டே ஆராயச் செய்து, 2005-இல் அதை ஒரு திட்டமாக எழுதுவித்தார். பின்னர் டாட்னஸில் குடியேறி, 2006 செப்டம்பரில் அதே முயற்சியை ஓர் ஊர் இயக்கமாகத் தொடங்கிவைத்தார். 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலர் வரை ஏறியபோது, வீண் பயம் என்று நகைத்தவர்கள்கூடக் காது கொடுத்துக் கேட்டார்கள். விலை அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே இறங்கிவிட்டது; ஆனால் அதற்குள் வேலை வேரூன்றிவிட்டது.

இவர்கள் செய்த காரியங்களுள் எனக்கு மிகவும் உவப்பானது, செலவே இல்லாத ஒன்று. ஊரிலுள்ள முதியோர்களைத் தேடிச் சென்று, 1930-களிலிருந்து 1960-கள் வரை, மலிவான எண்ணெய் வந்து வாழ்க்கையை மாற்றுவதற்கு முன், உணவு எங்கிருந்து வந்தது, வீடு எவ்வாறு சூடேற்றப்பட்டது, எதை எப்படிப் பழுதுபார்த்தார்கள் என்றெல்லாம் கேட்டு எழுதி வைத்தார்கள். அப்போது தெரிய வந்தது, ஊருக்கு நடுவிலேயே காய்கறித் தோட்டங்கள் இருந்து கடைகளுக்குச் சரக்குக் கொடுத்துவந்தன என்பது. அவற்றுள் ஒன்று ஹீத்ஸ் நர்சரி. அந்த நிலம் இன்று கார்கள் நிறுத்தும் இடமாக இருக்கிறது, பெயர்ப்பலகையில் மட்டும் பழைய பெயர் நிலைத்திருக்கிறது. எரிபொருள் ஓர் ஊரை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சரித்திரம் வேண்டியதில்லை.

வீடுகளுக்குள் நடந்த வேலையோ இன்னும் நிதானமானது. ஒரே தெருவில் வசிக்கும் ஆறு முதல் எட்டுக் குடும்பத்தினர், முறை வைத்துக்கொண்டு ஒருவர் வீட்டில் ஒரு முறையாகக் கூடி, எரிசக்தி, தண்ணீர், உணவு, குப்பை, போக்குவரத்து என்று அத்தியாயம் பிரித்த ஒரு கையேட்டை வைத்துக்கொண்டு, இந்த மாதம் நாம் எதை மாற்றலாம் என்று தேநீர் அருந்தியபடியே பேசித் தீர்மானிப்பார்கள். கதவிடுக்கில் நுழையும் குளிர்காற்றை அடைப்பது, கூரைக்கு அடியில் வெப்பம் தப்பாதபடி கம்பளி போன்ற பொருளைப் பரப்புவது, அறையின் வெப்பத்தை ஒரு டிகிரி குறைத்துவிட்டு உடம்பில் ஒரு ஸ்வெட்டர் அதிகமாக அணிவது என்று யாவும் அற்பமான காரியங்களே. ஆயினும் ஏறக்குறைய 500 வீடுகள் இதில் பங்கு கொண்டன; சராசரியாக ஒரு வீட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 570 பவுண்டு மிச்சமாயிற்று என்று கணக்கிட்டார்கள்; 2011-இல் ஆஷ்டன் விருதும் கிடைத்தது. பங்கு கொண்டவர்களை விசாரித்தபோது, பணத்தைக் காட்டிலும், அண்டை வீட்டாரோடு பழக்கம் ஏற்பட்டதையே பலர் பெரிய லாபமாகச் சொன்னார்கள். குளிர்தேசத்தில், கதவைச் சாத்திக்கொண்டால் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார் என்றே தெரியாத வாழ்க்கையில், இது சாமானியமான லாபமல்ல. தனி மனிதனுடைய சிக்கனம் பெரும்பாலும் ஒரு குளிர்காலத்தோடு சலித்துப் போய்விடும். எட்டு வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கும் சிக்கனம் அவ்வளவு எளிதில் சலிப்பதில்லை.

தோட்டம் இருந்தும் உழைக்க முடியாத முதியவர்களையும், உழைப்பில் ஆசை இருந்தும் தோட்டமில்லாதவர்களையும் சேர்த்துவைத்தார்கள்; விளைச்சலில் இருவருக்கும் பங்கு. பொது இடங்களில் வால்நட், பாதாம் போன்ற கொட்டை மரங்களை நட்டார்கள். சில காலம், ஹோட்டல்களில் பொரித்து மிஞ்சிய எண்ணெயிலிருந்து தயாரித்த எரிபொருளைக் கொண்டு, நம் தெருக்களில் ஓடும் அதே மூன்று சக்கர ஆட்டோவை அந்த மேட்டு வீதியில் ஓட்டினார்கள். 2007-இல் உள்ளூர்க் கடைகளில் மட்டுமே செல்லுபடியாகும் டாட்னஸ் பவுண்டு என்ற நோட்டையும் வெளியிட்டார்கள். பிற்பாடு 21 பவுண்டு நோட்டுக்கூட அச்சிட்டார்கள், குறும்பு என்றே சொல்லவேண்டும். கையில் ரொக்கம் எடுத்துச் செல்லும் வழக்கமே குன்றிவிட்டபடியால் 2019-இல் அது நின்றுபோயிற்று.

நிலமும் அனுமதியும் வேண்டியிருந்த பெரிய திட்டங்களுக்கு, இந்தச் சிறிய காரியங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. ஊராரே பங்குதாரர்களாகச் சேர்ந்து அமைத்த எரிசக்திச் சங்கம், அருகிலுள்ள மேட்டில் இரண்டு காற்றாலைகள் நிறுவ விண்ணப்பித்தது. நிலக்காட்சி கெடும் என்று எதிர்த்தவர்களும் அதே பக்கத்து ஜனங்கள்தாம். 2013-இல் வட்டார நிர்வாகம் அனுமதி மறுத்துவிட்டது. ரயில் நிலையத்தை அடுத்து, 2007-இல் மூடப்பட்ட பால் பண்ணைத் தொழிற்சாலையின் நிலத்தில், குறைந்த வாடகை வீடுகளும் தொழிற்கூடங்களும் அமைக்க ஊரார் ஒரு திட்டம் வகுத்து, 2016-இல் வாக்கெடுப்பிலும் பெருவாரியாக வென்றார்கள். பின்னர் நிலம் வேறொருவருக்கு விற்கப்பட்டு, அந்தக் கனவும் கலைந்தது. அந்த வளாகத்தில்தான் பொறியியல் மேதை புருனெல் 1840-களில் கட்டுவித்த யந்திர சாலை நிற்கிறது. நீராவி வண்டியே இல்லாமல், குழாயில் காற்றின் அழுத்தத்தால் ரயிலைச் செலுத்த அவர் முயன்று, குழாயை மூடிய தோல் வார் பழுதாகிப் போகவே 1848-இல் கைவிட்டார். டாட்னஸ் யந்திரம் ஒரு நாளும் வேலை செய்யவில்லை. பழைய தடுப்பணையில் 2015-இல் நிறுவிய இரண்டு திருகு விசையாழிகளோ, டார்ட் நதியின் ஓட்டத்தில் மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கின்றன.

இவ்வூருக்கும் நமக்கும் உள்ள சம்பந்தம் சிறிதல்ல. இரண்டு மைல் தொலைவிலுள்ள டார்டிங்டன் மாளிகையை 1925-இல் வாங்கிக் கிராமப் புனருத்தாரணப் பணியைத் தொடங்கிய லியனார்ட் எல்ம்ஹர்ஸ்ட், அதற்கு முன் வங்காளத்தில் ரவீந்திரநாத் தாகூரின் கிராமப் பணி நிலையமான ஸ்ரீநிகேதனத்தைத் தொடங்கி நடத்தியவர். டெவன் பிரதேசத்தில் இடம் பார்க்கும்படி அவருக்கு யோசனை சொன்னவரும் தாகூரே. பின்னாளில் அதே மாளிகை வளாகத்தில் சதீஷ் குமார் முதலியோர் பொருளாதார அறிஞர் ஷூமாக்கரின் பெயரால் ஒரு கல்லூரி தொடங்கினார்கள். அதன் பட்ட வகுப்புகள் 2024-இல் நின்றுபோயின. அந்த ஷூமாக்கர், 1973-இல் வெளிவந்த 'சிறியதே அழகு' என்னும் தம் நூலில் மேற்கோள் காட்டும் இந்தியர்களுள் ஒருவர், தஞ்சாவூரில் பிறந்து மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் கடைசிக் காலத்தைக் கழித்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா. நிலக்கரியும் பெட்ரோலியமும் எடுக்க எடுக்கக் குறையும் கிடங்குச் சரக்கு என்றும், அவற்றின்மேல் கட்டிய வாழ்க்கை சண்டையில்தான் முடியும் என்றும், ஆண்டுதோறும் புதிதாய் வரும் சூரியனையும் நீரையும் பயிரையும் ஆதாரமாகக் கொண்டதே நிலைக்கும் என்றும் அவர் சிறையில் இருந்தபடி 1945-இல் எழுதினார். டாட்னஸ்காரர்கள் அறுபது ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்த இடம் அதுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு, டாட்னஸ் எரிபொருளைத் துறந்துவிட்ட ஊர் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். வீடுகள் பலவும் இன்றும் எரிவாயுவால்தான் சூடேறுகின்றன, நதிப் பாலத்தருகே கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன, வீட்டு விலை உயர்ந்து உள்ளூர் இளைஞர்கள் குடியிருக்க இயலாமல் வெளியேறுகிறார்கள். ஓரளவு வசதியும் படிப்பும் உள்ளவர்களின் இயக்கம் என்ற குறை கூறலிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பிறர் சம்மதம் வேண்டாத காரியங்கள் யாவும் அங்கே ஓரளவு நிறைவேறின என்பதையும் பார்க்கவேண்டும். நம் பேரூராட்சிகளில், எண்பது வயது கடந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கும்போதே, பேருந்து நிலையமும் கல்யாண மண்டபமும் வருவதற்கு முன் அந்த இடங்களில் என்ன விளைந்தது, எது எங்கிருந்து வந்தது என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்க யாராவது முன்வர வேண்டும்.