குளத்துக்குள்ள கோல் போஸ்ட்

தென்னை மரத்து வெள்ளை ஈ பத்திப் போன தடவை எழுதினதுக்கு நிறைய பேர் கேள்வி கேட்டிருந்தீங்க. அதுக்குப் பதில் அடுத்த வாரம் சொல்றேன். இன்னைக்கு கால்பந்து பத்தி எழுதப் போறேன். சிரிக்காதீங்க. விவசாயியும் அதுல வருவான்.

எங்க ஊர் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவுல, ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கு. இங்க மழை வருமான்னு தெரிஞ்சுக்க யாரும் தலைக்கு மேல பாக்க மாட்டாங்க. மேற்கே திரிகூடமலையைத்தான் பாப்போம். மலை தெரிஞ்சா வெயில், மலை காணாமப் போனா சாரல். 2018-ல தென்மேற்குப் பருவமழை மே 29-ந் தேதியே கேரளாவுல இறங்கிடுச்சுன்னு வானிலை ஆபீஸ்காரங்க சொன்னாங்க. வழக்கத்தைவிட ரெண்டு மூணு நாள் முன்னாடி. மறுநாள் மே 30, புதன்கிழமை. மலை காணாமப் போயிருந்துச்சு. நான் வாய்க்கால் மடையில அடைச்சுக் கிடந்த குப்பையை மம்பட்டியால இழுத்துப் போட்டுக்கிட்டு இருந்தேன். பாதி குப்பை டூரிஸ்ட்காரங்க போட்டுட்டுப் போற ஷாம்பு பாக்கெட்டு. (குளிக்க வாங்க, வேணாங்கல. அந்தப் பாக்கெட்டைத் திருப்பி எடுத்துட்டுப் போங்கய்யா.)

பொழுது அடையிற நேரம், பாலிதீன் பையில சுத்தி வச்சிருந்த போன் அடிச்சுது. பெங்களூர்ல இருந்து மகன். அவன் கிழமை நடுவுல கூப்பிட மாட்டான். ஞாயிற்றுக்கிழமை அம்மாகிட்ட பேசுவான், கடைசியில "அப்பா நல்லா இருக்காங்களா"ன்னு கேப்பான், அவ்வளவுதான். நான் பதறிப் போய் எடுத்தேன். ஒரே கூச்சல்.

"யப்பா, ஜெயிச்சிட்டாங்கப்பா!"

"யாருல?"

"காஷ்மீர்ப்பா! மூணுக்கு ரெண்டு!"

எனக்கு ஒண்ணும் விளங்கல. பின்னாடி யாரோ அழுற சத்தம், யாரோ பாடுற சத்தம். "அப்பொறம் பேசுதேன்"னு வச்சுட்டான். நான் மம்பட்டியைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னேன். பையன் இப்படிக் கத்தி நான் கேட்டு பத்து வருஷம் ஆச்சு.

அந்தப் பத்து வருஷக் கதையைச் சொல்லாம மேல போக முடியாது.

எங்க ஊர்க் குளம் பங்குனியில வத்தும். சித்திரையில வெடிப்பு விழும். வெடிப்பு இல்லாத தென்பக்கம் ஊர்ப் பயலுகளுக்கு மைதானம். நாலு மூங்கில் கம்பு, ரெண்டு குறுக்குக் கயிறு, அதுதான் கோல் போஸ்ட். தமிழ்நாடு பூரா கிரிக்கெட் ஆடுறப்போ எங்க பக்கம் கால்பந்துக்கும் இடம் இருந்துச்சு, ஏன்னா மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. நாங்க சின்னப் பிள்ளைகளா இருந்தப்போ மீட்டர் கேஜ் ரயில்ல செங்கோட்டையில ஏறி, ஆரியங்காவு குகையைத் தாண்டி புனலூர் பக்கம் செவன்ஸ் பாக்கப் போவோம். ஏழு பேர் ஆடுற ஆட்டம் அது. அறுத்த வயல்ல நடக்கும்.

என் மகனுக்கு இடது கால். எழுதுறது வலது கை, சாப்பிடுறது வலது கை, பந்து மட்டும் இடது கால். 2008-ல ஒன்பதாவது படிக்கும்போது பள்ளிக்கூட பி.டி. வாத்தியார் அவனைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போனார், விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறாங்கன்னு. எடுத்துட்டாங்க. ஜூன் மாசம் பாதிக்குள்ள வந்து சேரணும்னு கடுதாசி வந்துச்சு. சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அங்கேயே.

ஜூன் எங்களுக்கு என்ன மாசம்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. இங்க ரெண்டு பருவம். சாரல் தண்ணியை நம்பி வைகாசி ஆனியில தொடங்குறது கார். ஐப்பசி மழையை நம்புறது பிசானம். அந்த வருஷம் நாத்துப் பாவியிருந்தேன். எங்க அப்பா படுக்கையில. கடுதாசியை வாங்கிப் பாத்துட்டு, "சரி, நடவு முடியட்டும்"னு சொன்னேன். ரெண்டு நாள் கழிச்சு வாத்தியார் வந்தார். அவர்கிட்டயும் அதையே சொன்னேன். தண்ணி தாமதம், நடவு தள்ளிப் போச்சு. நடவு முடிஞ்ச அன்னைக்குத் தேதி பத்து நாள் தாண்டியிருந்துச்சு.

வேண்டாம்னு நான் ஒரு நாளும் சொல்லல. சொல்லியிருந்தா அவன் சண்டை போட்டிருப்பான், அவங்க அம்மா பேசியிருப்பா, ஏதாவது நடந்திருக்கும். நான் தேதியைச் சும்மா தாண்ட விட்டேன். அவனும் ஒண்ணும் கேக்கல. பாலிடெக்னிக் படிச்சான், பெங்களூர்ல ஒரு கம்பெனியில சேந்தான். அவ்வளவுதான் கதை.

அந்த மே 30 ராத்திரி பத்து மணிக்குத் திரும்பக் கூப்பிட்டான். அம்மாகிட்ட கொடுக்கச் சொல்லல. அவன் தங்கியிருக்கிற ரூம்ல ஒரு காஷ்மீர்ப் பையன் இருக்கானாம். அவங்க அப்பாவுக்கு ஆப்பிள் தோட்டம். அந்தப் பையன்தான் லீவு போடச் சொல்லி பெங்களூர் கால்பந்து ஸ்டேடியத்துக்கு இழுத்துட்டுப் போயிருக்கான். ஐ-லீக் இரண்டாம் டிவிஷனோட கடைசி மேட்ச். ரியல் காஷ்மீர் கிளப்பும் டெல்லி இந்துஸ்தான் கிளப்பும். ஜெயிச்சவன் மேல போறான்.

"மேலன்னா எங்கல?"

அதுக்கு அவன் முக்கால் மணி நேரம் விளக்கம் சொன்னான். எனக்குப் புரிஞ்ச மட்டும் சொல்றேன். இங்கிலாந்துல வருஷா வருஷம் முதல் லீக்ல கடைசி மூணு இடத்துல இருக்கிறவன் கீழ இறங்குவான், கீழ இருந்து மூணு பேர் ஏறுவான். நம்ம நாட்டுல படிக்கட்டு இவ்வளவு நேரா இல்ல. டி.வி.யில பெருசா காட்டுற ஐ.எஸ்.எல்.லுக்கு அப்போ ஏறவும் வழி கிடையாது, அங்கேருந்து இறங்கவும் வழி கிடையாது. ஏற வழி இருந்தது ஐ-லீக்குக்கு மட்டும்தான். அதுக்கு இரண்டாம் டிவிஷன்ல முதலா வரணும். அங்க ஐ.எஸ்.எல். கிளப்புகளோட ரிசர்வ் டீம்களும் ஆடும், ஆனா அவங்க எத்தனை ஜெயிச்சாலும் மேல போகக் கூடாது. மிச்சம் இருக்கிற சின்ன ஊர் கிளப்புகள் பஸ்ஸுலயும் ரயில்லயும் நாடு பூரா சுத்தி ஆடி, கடைசி நாலு பேர் ஒரே ஊர்ல கூடுவாங்க. அந்த வருஷம் பெங்களூர். காஷ்மீர், டெல்லி இந்துஸ்தான், மணிப்பூர்ல இருந்து ட்ராவ், பெங்களூரோட சொந்த டீம் ஓசோன். நாலுல ஒண்ணுக்குத்தான் கதவு. மத்த மூணும் வீட்டுக்குப் போய் அடுத்த வருஷம் அடியில இருந்து தொடங்கணும்.

முதல் பருவம் பொய்ச்சா ரெண்டாவது பருவத்துக்கு விதைநெல் இருக்காங்கிற மாதிரிதான் இது. எனக்குச் சட்டுனு பிடிபட்டுச்சு.

அந்தக் கிளப் தொடங்கின கதைதான் என்னை இழுத்துச்சு. 2014 செப்டம்பர்ல ஸ்ரீநகரை ஜீலம் ஆறு முக்கிச்சே, ஞாபகம் இருக்கா? வெள்ளம் வடிஞ்ச பிறகு பயலுகளுக்குச் செய்ய ஒண்ணும் இல்ல. பத்திரிகை ஆசிரியர் ஷமீம் மெஹ்ராஜ், ஓட்டல் தொழில் பண்ற சந்தீப் சட்டூ, ரெண்டு பேரும் சேந்து பயலுகளுக்குப் பந்து வாங்கிக் கொடுக்க ஆரம்பிச்சாங்க. ஒருத்தர் முஸ்லிம், ஒருத்தர் பண்டிட். பந்து கொடுத்தது வளந்து 2016-ல கிளப் ஆச்சு. 2017 தொடக்கத்துல ஸ்காட்லாந்துல இருந்து டேவிட் ராபர்ட்சன்னு ஒரு கோச் வந்தார். ரேஞ்சர்ஸ் கிளப்புல ஆடினவர். லெஃப்ட் பேக். அதாவது இடது கால்க்காரன். வந்து இறங்கினப்போ பனி, குளிர், கரண்ட் இல்ல. உடனே திரும்பிப் போயிடலாம்னு நினைச்சாராம். போகல. அடுத்த வருஷமே டீமை மேல ஏத்திட்டார். காஷ்மீர்ல இருந்து ஐ-லீக்குக்குப் போன முதல் கிளப் அதுதான்.

அதுக்கு அப்புறம் வாராவாரம் எங்களுக்குப் பேச ஒண்ணு கிடைச்சுது. ஆகஸ்ட்ல கேரளா வெள்ளம் வந்தப்போ குற்றாலத்துல குளிக்கத் தடை, மலைப் பாதையில மண் சரிஞ்சு ரயில் நின்னுச்சு. அப்போ அந்தக் காஷ்மீர்ப் பையன் என் மகன்கிட்ட, "உங்க அப்பா வயல் எப்படி இருக்கு"ன்னு கேட்டானாம். வெள்ளம் பாத்த ஊர்க்காரனுக்குத்தான் முதல்ல வயலைக் கேக்கத் தோணும். எங்க வயலுக்குச் சேதம் இல்ல. அடவிநயினார், குண்டாறு ரெண்டும் நிரம்பி வழிஞ்சுது.

அக்டோபர் 31-ந் தேதி ஐ-லீக்ல காஷ்மீரோட முதல் மேட்ச். எதிர்ல போன வருஷ சாம்பியன் மினர்வா பஞ்சாப், அவங்க ஊர்லயே. ஒண்ணுக்குப் பூஜ்யம், காஷ்மீர் ஜெயிச்சுது. நான் வரப்புல உக்காந்து போன்ல ஸ்கோர் பாத்தேன். பக்கத்து வயல் அண்ணாச்சி, "என்னவே, லாட்டரி எதுவும் விழுந்துட்டா?"ன்னு கேட்டார்.

நவம்பர் மூணாந்தேதி வாக்குல காஷ்மீர்ல நேரங்கெட்ட பனி கொட்டுச்சு. ஆப்பிள் பறிச்சு முடியல, இலையும் உதிரல. இலையில பனி தங்கி, பாரம் தாங்காம மரம் நடுவுல பிளந்துடும். ஒரு ஆப்பிள் மரம் காய்ப்புக்கு வர எத்தனை வருஷம் ஆகும்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். நெல்லு போனா ஒரு பருவம் போச்சு. மரம் போனா பாதி ஆயுசு போச்சு. அந்தப் பையன் தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போயிட்டான், மரத்துக்கு முட்டுக் கொடுக்க.

மூணு நாள் கழிச்சு நவம்பர் 6. எங்களுக்குத் தீபாவளி. ஸ்ரீநகர்ல முதல் ஐ-லீக் மேட்ச், கோவாவோட சர்ச்சில் பிரதர்ஸ் கூட. மகன் ஊருக்கு வந்திருந்தான். வெடி போட அந்த வருஷம் காலையில ஒரு மணி நேரம், ராத்திரி ஒரு மணி நேரம்தான்னு சட்டம். அதனால பகல் பூரா ஊர் அமைதியா இருந்துச்சு. திண்ணையில உக்காந்து அவன் போனைப் பாத்துக்கிட்டு இருந்தான். நான் அதிரசம் தின்னுக்கிட்டு அவனைப் பாத்துக்கிட்டு இருந்தேன். கோல் இல்லாம டிரா.

"அந்தக் கோச்சோட மகனும் இந்த டீம்லதான் ஆடுதான்ப்பா"ன்னான். "மேசன்னு பேரு. டிஃபென்ஸ். அப்பா கோச், மகன் பிளேயர்."

நான் ஒண்ணும் பேசல. அவனும் போனை விட்டுக் கண்ணை எடுக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு, ரொம்ப சாதாரணமா, அடுத்த பஸ் எப்போன்னு கேக்கிற மாதிரி சொன்னான்:

"நடவு முடிஞ்ச பொறவாவது ஒரு எட்டு போய்க் கேட்டிருக்கலாம்ப்பா."

பத்து வருஷம் அவன் வச்சிருந்தது இந்த ஒத்தை வரி. கேட்டிருந்தா சேத்திருப்பாங்களோ இல்லையோ, கேட்டிருக்கலாம். அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. தாத்தா படுக்கையில கிடந்தாருங்கிறது பதில் இல்ல, அது அவனுக்கும் தெரியும். "ஆமாய்யா"ன்னேன். உள்ள இருந்து அவங்க அம்மா, "மேட்ச் முடிஞ்சுட்டா? சாப்பிட வாங்க"ன்னா. எந்திரிச்சுப் போனோம்.

மிச்ச சீசனைச் சுருக்கமா சொல்லிடறேன். முதல் வருஷமே காஷ்மீர் மூணாவது இடம். புல்வாமா தாக்குதல் நடந்து நாலாவது நாள் மினர்வா ஸ்ரீநகருக்கு வரல. இவங்க மைதானத்துக்கு வந்து காத்துட்டுப் போனாங்க. அடுத்து ஈஸ்ட் பெங்கால் மேட்ச் டெல்லிக்கு மாறிப் போச்சு. நட்ட வயலுக்குத் தண்ணி முறை மாறிப் போனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். கோப்பை அந்த வருஷம் நம்ம சென்னை சிட்டிக்கு. 2019 மார்ச் 9, கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்துல மினர்வாவை மூணுக்கு ஒண்ணுன்னு அடிச்சாங்க. ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு பாயிண்ட் கூட. எனக்கு ரொம்ப சந்தோஷம்தான். ஆனா ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. சென்னை சிட்டி 2016-17-ல ஐ-லீக்குக்கு நேரடி அனுமதியில வந்த கிளப். காஷ்மீர் படி ஏறி வந்தது. என் மனசு எந்தப் பக்கம் சாய்ஞ்சதுன்னு உங்களுக்கே தெரியும்.

இப்போ எங்க ஊர் தென்காசி மாவட்டத்துல இருக்கு. அந்த ஆப்பிள் தோட்டத்துல பிளந்த மரங்களைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டினதுல பாதி பிழைச்சுதாம். குளம் அதே இடத்துல இருக்கு. ஒவ்வொரு சித்திரையிலயும் நான் ரெண்டு பந்து வாங்கிப் போடுறேன். மகன் லீவுக்கு வந்தா பயலுகளோட இறங்கி ஆடுறான், தொந்தி விழுந்துடுச்சு, கால் இன்னும் இடதுதான். இந்த வருஷம் ஒரு சின்னப் பய நல்லா ஆடுறான், ஒன்பதாவது படிக்கிறான். அவங்க அப்பா எனக்குப் பங்காளி முறை. போன வாரம் அவர் வரப்புல நின்னு நாத்தங்காலைப் பாத்துக்கிட்டு இருந்தார். போய் பக்கத்துல நின்னு, "எப்போ நடவு?"ன்னு கேட்டேன். தேதி சொன்னார். "அன்னைக்கு நான் ரெண்டு ஆள் கூட்டிட்டு வாரேன், பயலை நீங்க பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னேன். அவர் இன்னும் பதில் சொல்லல.

நேத்து மலை காணாமப் போச்சு. குளத்துக்குத் தண்ணி திரும்பிடுச்சு. பயலுகளே நாலு மூங்கிலையும் பிடுங்கி, கழுவி, என் பம்ப் செட் ரூம்ல கொண்டு வந்து சாத்தி வச்சிருக்கானுக. கயிறு ஒண்ணு அறுந்து போச்சு, வாங்கணும்.