பெரியவர்கள் வகுப்பு

ஜூன் 8, 2025, ஞாயிறு

இன்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். ராயக்கோட்டையில் ஞாயிறு மாலைகளில் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடும் வகுப்பு இது. பெயர்ப்பலகை, ரசீது, தலைவர் எதுவும் கிடையாது. வருகிறவர்கள் எல்லோரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். ஓசூர்க் கம்பெனி ஒன்றின் டூல் ரூமில் இருந்தவர், ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேனாக இருந்தவர், அறிவியல் ஆசிரியையாகத் தொடங்கித் தலைமையாசிரியை ஆனவர், தக்காளித் தோட்டத்தை மகனிடம் ஒப்படைத்துவிட்ட ஓர் அம்மா, இன்னும் சிலர். வாரம் ஒருவர் தமக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்க, மற்றவர்கள் கற்கிறார்கள்.

எனக்கு வயது முப்பத்திரண்டு. ஓசூரில் உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை.

“உனக்கு இங்க என்னம்மா வேலை?” என்று டூல் ரூம் அய்யா கேட்டார்.

“கத்துக்கணும் அய்யா.”

டீச்சரம்மா ஒரு நிபந்தனை போட்டார். “எங்களுக்கு ஒத்தாசை பண்றேன்னு வராத கண்ணு. உன் முறை வந்தா நீயும் பாடம் எடுக்கணும்.” சம்மதித்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

டீச்சரம்மா போட்ட நிபந்தனைக்குப் பின்னால் பெரிய வரலாறே இருக்கிறது. 1973-இல் பிரான்சின் துலூஸ் நகரில் பியர் வெல்லாஸ் என்ற பேராசிரியர், ஓய்வு பெற்றவர்களுக்கென்று ‘மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்’ தொடங்கினார். அங்கே பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் நடத்தினார்கள், முதியவர்கள் கேட்டார்கள். அந்த எண்ணம் 1980-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குப் போனபோது பீட்டர் லாஸ்லெட் என்ற வரலாற்றாசிரியரும் அவருடைய நண்பர்களும் அதை வேறு மாதிரி அமைத்தார்கள். கற்பிக்கிறவரும் கற்க வேண்டும், கற்கிறவரும் கற்பிக்க வேண்டும். சம்பளம், பரீட்சை, பட்டம் மூன்றும் இல்லை. எங்கள் திண்ணை இந்தக் கேம்பிரிட்ஜ் வழியில் நடக்கிறது, யாரையும் பார்த்துப் படிக்காமலேயே.

ஜூலை 13, ஞாயிறு

டூல் ரூம் அய்யாவின் பாடம், வெர்னியர் காலிப்பர். நான் தினமும் கையில் பிடிக்கிற கருவிதான். ஆனால் என்னுடையது டிஜிட்டல், அளவைத் திரையே காட்டிவிடும். அவர் கொண்டுவந்தது பழைய எஃகுக் காலிப்பர். எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்தார்.

பலகையில் இரண்டு அளவுகோல் வரைந்தார். மேலே முதன்மை அளவுகோல், ஒரு பிரிவு 1 மி.மீ. கீழே நகரும் அளவுகோல், 49 மி.மீ. நீளத்தை 50 பங்காகப் பிரித்தது. அப்படியானால் ஒரு பங்கு 0.98 மி.மீ. மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் 0.02. “இந்த 0.02 கண்ணுக்குத் தெரியாது. ஆனா எந்தக் கோடு எந்தக் கோட்டோட நேரா நிக்குதுன்னு கண்ணுக்குத் தெரியும். அதை வெச்சு இதைப் பிடிச்சிடறோம்.”

டீச்சரம்மா எழுந்து பலகைக்குப் பக்கத்தில் போனார். “பள்ளிக்கூடத்துல 9-ஐ 10-ஆப் பிரிச்ச காலிப்பரை வெச்சு எத்தனையோ வருஷம் நடத்தியிருக்கேன். ஃபார்முலாதான் எழுதிப் போடுவேன். ஏன் அப்படிப் பிரிச்சாங்கன்னு இன்னைக்குத்தான் பிடிபடுது.” அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

பிறகு அய்யா என் கையில் ஓர் எஃகுப் பின்னைக் கொடுத்து அளக்கச் சொன்னார். கட்டைவிரலால் அழுத்தினேன். “தொடணும் கண்ணு, நசுக்கக் கூடாது” என்று என் விரலைத் தளர்த்திவிட்டார். தாடைகளுக்கு நடுவே பின் லேசாக உரசிக்கொண்டு நகர வேண்டும், அதுதான் சரியான பிடி. ஒரே பாகத்தை இரண்டு பேர் அளந்தால் டிஜிட்டல் காலிப்பரிலும் கடைசி இலக்கம் மாறுவதை எங்கள் பிரிவில் பார்த்திருக்கிறேன். விரல் அழுத்தம் அதற்கு ஒரு காரணம் என்பதை இந்தத் திண்ணையில்தான் கையால் உணர்ந்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

ராயக்கோட்டையின் மலைக்கோட்டைக்குப் போனோம். முழங்கால் வலிக்காரர்கள் அடிவாரத்தோடு நின்றுகொண்டதால் பாடமும் அங்கேதான். 1791-இல் ஆங்கிலேய மேஜர் கௌடியின் படை திப்பு சுல்தானிடமிருந்து இந்தக் கோட்டையைப் பிடித்தது. மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் இந்தப் பகுதி அடங்கிய பாராமகால் முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியார் கைக்குப் போயிற்று. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே நிலங்களை அளந்து, உழுகிறவரிடமே நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறைக்கு வழி வகுத்தார்கள். டீச்சரம்மா இதைச் சொல்லி முடித்ததும் தோட்டத்து அம்மா தன் பட்டாவை எடுத்தார். சர்வே எண், உட்பிரிவு, நன்செய், புன்செய் என்று ஒவ்வொன்றாக எங்களுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது அவர்தான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

என் முறை. கைப்பேசியில் உயிர்வாழ் சான்றிதழ் அனுப்புவதைப் பாடமாக எடுத்தேன். ஓய்வூதியர்களுக்கான ஜீவன் பிரமான் திட்டம் 2014 நவம்பரில் வந்தது. தொடக்கத்தில் விரல் ரேகையோ கருவிழியோ வேண்டியிருந்தது. டூல் ரூம் அய்யாவின் விரல்களில் ரேகையே இல்லை. பல வருடம் இரும்பைத் தேய்த்த கை. சென்ற முறை கருவி அவர் விரலை ஏற்கவே இல்லையாம். 2021-இல் முகத்தைக் காட்டிச் சான்று பெறும் வசதி வந்துவிட்டது.

பாடத்துக்கு ஒரே ஒரு விதி வைத்தேன். யாரும் தங்கள் போனை என் கையில் கொடுக்கக் கூடாது. ஆதார் முகச் செயலியை இறக்குவதிலிருந்து ஓய்வூதிய ஆணை (பி.பி.ஓ.) எண்ணை அடிப்பது வரை அவரவர் விரல்தான். டூல் ரூம் அய்யா கண்ணைச் சிமிட்டினார், செயலி ஏற்றுக்கொண்டது, குறுஞ்செய்தி வந்தது. அடுத்த நொடியே பாயின்ட்ஸ்மேன் அய்யாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. இந்த ஆண்டு உலக முதியோர் தினமும் இதே நாளில் வந்திருக்கிறது. 1990-இல் ஐ.நா. சபை அறிவித்த தினம். கம்பெனியில் பூஜை முடிந்து மாலையில் திண்ணைக்கு வந்தால், அங்கே காலிப்பர், கொடி விளக்கு, களைக்கொத்து, சாக்பீஸ் டப்பா எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு.

அவற்றைப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெளிவாயிற்று. ஓசூரில் டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என்று ஆலைகள் எழுந்த காலத்தில் ஐ.டி.ஐ. முடித்து உள்ளே போன தலைமுறை, 58 வயதில் கேட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. நாங்கள் அதன் பிறகு உள்ளே போனோம். ஒரே தொழிலைச் செய்கிற இரண்டு தலைமுறைகள் முகம் பார்க்காமலே கடந்துவிடுகின்றன. கைப்பக்குவம் எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை, அதை வைத்திருக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கிடைக்கும்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. பாயின்ட்ஸ்மேன் அய்யா கன்னட எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். பெங்களூரு கோட்டத்தில் வேலை பார்த்தவர். தெலுங்கும் கன்னடமும் சரளமாகப் பேசும் தோட்டத்து அம்மா, கன்னட எழுத்தை இன்றுதான் முதல்முறையாகச் சிலேட்டில் எழுதினார். கேரளத்தில் கார்த்தியாயினி அம்மா 96 வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி 98 மதிப்பெண் வாங்கியதையும், மகாராஷ்டிரத்தின் பாங்கணே கிராமத்தில் 2016 மகளிர் தினத்தன்று பாட்டிமார்களுக்கென்றே ஒரு பள்ளி திறந்ததையும் சொன்னேன். “அப்ப எனக்கு இன்னும் வயசிருக்கு” என்றார்.

நவம்பர் 9, ஞாயிறு

அடுத்த பாடம் ஸ்கிரேப்பிங். நீலச் சாயம் பூசி, மேடு தெரிகிற இடத்தைச் சுரண்டிச் சுரண்டி உலோகப் பரப்பைச் சமமாக்கும் வேலை. எங்கள் கம்பெனியின் அப்ரென்டிஸ் பிள்ளைகளையும் அழைத்திருக்கிறேன். அவர்களும் தலைக்கு ஒரு பாடம் எடுக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆலை இருக்கிற ஒவ்வோர் ஊரிலும் இப்படி ஒரு திண்ணை வேண்டும். பெரியவர்களிடம் பாடம் இருக்கிறது. அதைக் கேட்க இளையவர்கள் வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்க வேண்டும்.